கச்சேரிக்கு ஒன்பது நாள் முன்பு வந்த விமர்சனம்

என் கச்சேரியைப் பற்றிய விமர்சனத்தை, கச்சேரி நடப்பதற்கு ஒன்பது நாள் முன்பே நான் படித்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் வேலை செய்யும் டயர் கடைக்கு ஆம்புரோஸ் வந்தான். ஆம்புரோஸ் எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். பகலில் ஈப்போவில் தபால்காரன். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து நீட்டினான். பேராக் நற்கலைக் காவல் மன்றத்தின் ஆண்டு மலர், 1981. அட்டையில் மன்றத் தலைவர் திரு. அர்ச்சுனன் ஒரு வீணையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வீணை பாதிதான் தெரிந்தது.

"நாப்பத்தேழாம் பக்கம், சன்னாசி. உக்காந்து படி. நின்னு படிச்சா விழுந்துருவ."

லாரி டயர் ஒன்று கீழே கிடந்தது. அதில் உட்கார்ந்து படித்தேன்.

'அடுத்து மேடையேறிய லாலாங் பாய்ஸ் குழுவினர் மூன்று பாடல்களை வழங்கினர். முதல் இரண்டும் கேட்கும்படி இருந்தன. மூன்றாவதாக, இவர்களே இயற்றிய "பஸ் வரும்" என்னும் பாடல் செவிக்கும் பண்பாட்டுக்கும் ஒவ்வாத இரைச்சலாக அமைந்தது. பாடலின் நடுவே காரணமின்றி ஒரு மௌனம் நிலவியது. வாசிக்க வேண்டியதை மறந்துவிட்டார்களோ என்று எண்ணத் தோன்றியது. பார்வையாளர்கள் முகம் சுளித்து எழுந்து வெளியேறினர். மண்டபம் பாதி காலியானது. ஆயினும் தலைவர் அவர்கள் பெருந்தன்மையுடன் குழுவினருக்குப் பொன்னாடை அணிவித்தார்.'

கீழே பெயர் போட்டிருந்தது: ப. பழனியப்பன், செயலாளர், விமர்சனப் பிரிவு.

பழனியப்பன் எங்கள் குழுவின் பேஸ் கிட்டார்காரன்.

நான் மறுபடியும் படித்தேன். ஆம்புரோஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு என்ன தேதி?" என்றான்.

"பதினாலு."

"கச்சேரி?"

"இருபத்து மூணு."

"அப்ப நாம இன்னும் வாசிக்கல."

"வாசிக்கல."

"ஆனா மோசமா வாசிச்சிட்டோம்."

"அப்படித்தான் போட்டிருக்கு."

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மீதித் தபால்களைக் கொடுக்கப் போய்விட்டான். அன்று மாலை வரை நான் ஒரே டயரைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தேன். கடை முதலாளி தவ்கே வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

நாங்கள் மூவரும் சுங்கை சிப்புட் போகும் சாலையிலிருந்த ஊசிமலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1973இல் குழு தொடங்கியபோது பெயர் வைத்தது பழனியப்பன்தான். லாலாங் என்பது தோட்டத்தில் முளைக்கும் புல். வெட்டுவார்கள், மருந்து அடிப்பார்கள், கொளுத்துவார்கள். அடுத்த மழைக்கு அது அங்கேயே நிற்கும். வெள்ளைக்காரத் துரை முதல் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வரை எல்லோருக்கும் தலைவலி கொடுத்த ஒரே பொருள் அதுதான் என்று அவன் சொன்னான்.

கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு கேட்பார்கள். வாசிப்போம். கூட்டம் பந்திக்குப் போனதும் எங்கள் பாட்டை வாசிப்போம். ஆகவே எங்கள் பாட்டுகளை அதிகம் கேட்டவர்கள் முதல் பந்தியில் சாப்பிட்டு முடித்துப் பல்குச்சியோடு வந்தவர்கள். அவர்களில் சிலர் நின்று கேட்டார்கள். நின்று கேட்டவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. ஏனென்றால் அதிகம் பேர் இல்லை.

"பஸ் வரும்" அந்தக் காலத்தில் செய்த பாட்டு. எங்கள் தோட்ட முச்சந்தியில் பஸ்கள் நிற்காது. ரப்பர்ப்பால் வாடை அடிக்கிறது என்று ஓட்டுநர்கள் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

*நிக்காத பஸ்ஸு நூறு போச்சு*
*நிக்கிற பஸ்ஸு ஒண்ணு வரும்*

இவ்வளவுதான் பல்லவி. நடுவில் நானும் ஆம்புரோஸும் சட்டென்று நிறுத்திவிடுவோம். பழனியப்பனின் பேஸ் மட்டும் தனியாக நான்கு சுற்று வரும். தூரத்தில், வளைவுக்கு அப்பால், ஒரு பஸ் எஞ்சின் உறுமிக்கொண்டு வருவதைப் போல. அது முழுக்க அவன் கற்பனை. மூன்றாவது சுற்றின் முடிவில் அவனுடைய சுண்டுவிரல் எப்போதும் கொஞ்சம் பிந்தும். முதலில் திட்டினோம். பிறகு அந்தப் பிந்தல் இல்லாவிட்டால் பஸ் மேடு ஏறுவதுபோல் இல்லை என்று தெரிந்து விட்டுவிட்டோம்.

ஈப்போவில் ஒரு நல்ல மண்டபத்தில் தமிழர் யாரும் எதையும் வாசிக்க வேண்டுமானால் மன்றத்தின் அங்கீகாரம் வேண்டும் என்று 1976இல் தெரியவந்தது. சட்டம் ஒன்றும் அப்படி இல்லை. ஆனால் மண்டபச் சாவி மன்றத்தில் இருந்தது.

தலைவர் அர்ச்சுனன் முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்குப் புத்தகத்தை விட்டுவிட்டு வந்தார். பெரட்டை மட்டும் விட முடியவில்லை. தோட்டத்தில் விடியுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதேபோல அங்கீகாரம் கேட்ட கலைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு மன்ற அலுவலகத்தின் கீழே, கடை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் வரிசையாக நிற்க வேண்டும். பழைய டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில்தான் அலுவலகம். அவர் மாடிப்படியில் நின்று கூப்பிடுவார்.

"பரதநாட்டியம்!"

"வந்திருக்கேன் ஐயா."

"வில்லுப்பாட்டு!"

"வந்திருக்கோம் ஐயா."

"மிருதங்கம்! மிருதங்கம் எங்கே?"

"அவருக்குக் காய்ச்சல் ஐயா."

"காய்ச்சலுக்கு அரைப் பேர்தான்" என்று எழுதிக்கொள்வார். அரைப் பேர் வாங்கியவர்கள் அந்த ஆண்டு பாதிக் கச்சேரிதான் செய்யலாம். காய்ச்சல்கார மிருதங்க வித்வான் அந்த வருடம் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

எங்களைக் கூப்பிடவே இல்லை. மாடிக்குப் போய்க் கேட்டோம். விண்ணப்பப் போரத்தில் எங்களுக்கு இடம் இல்லை என்றார்கள். பரதம், கர்நாடக இசை, வில்லுப்பாட்டு, நாடகம், திரையிசை, சிலம்பம் என்று ஆறு கட்டங்கள் இருந்தன. ராக் இசை என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். கையில் நீளமான பொருளைப் பிடித்துக்கொண்டு கால்களை அகட்டி நின்று ஆடுவது என்ற அடிப்படையில் எங்களைச் சிலம்பத்தில் சேர்த்தார்கள்.

பரிசோதிக்க வந்தவர் சிலம்பவாத்தியார் ஐயாவு. நல்ல மனிதர். நாங்கள் வாசித்து முடித்ததும் கிட்டாரைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இதால அடிச்சாத் தாங்குமா தம்பி?"

"அடிக்கிறதில்லங்க. வாசிக்கிறது."

"பிறகு எதுக்கு இத்தன கோபமா பிடிக்கிறீங்க?" என்றார். பிறகு ஆம்புரோஸைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்குக் கை நல்லா விழுது" என்று எங்களைத் தேறவிட்டார். இன்று வரை எங்களைப் பற்றி வந்த விமர்சனங்களில், கேட்டுவிட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

முடி அளப்பது தனி நிகழ்ச்சி. அப்போது நீளமான முடி வைத்திருப்பவனை அரசாங்கக் கவுண்டர்களிலேயே கடைசியில்தான் கவனிப்பார்கள். மன்றம் மட்டும் சும்மா இருக்குமா? சட்டைக் காலரைத் தொடக்கூடாது என்று விதி. தலைவர் தம் பழைய ஆபீஸ் மர அடிக்கோலால் அளந்தார். ஆம்புரோஸுக்குச் சுருட்டை முடி. சுருண்டபடி அளப்பதா, இழுத்து அளப்பதா என்று செயற்குழு நாற்பது நிமிடம் விவாதித்தது. நனைத்து அளப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று. கீழே சாப்பாட்டுக் கடையில் போய் ஒரு வாளித் தண்ணீர் கேட்டது பழனியப்பன்தான்.

அன்று படியிறங்கும்போது அவன் சொன்னான்: "மூணு பேரும் வெளிய நின்னு கத்துனா ஒருத்தனுக்கும் கேக்காது மச்சான். யாராவது ஒருத்தன் உள்ள போகணும்லா."

எங்களுக்குச் சரியென்று பட்டது. ஆம்புரோஸுக்குக் கோபம் வரும். எனக்குப் பேச வராது. பழனியப்பன் துணிக்கடையில் வேலை செய்தவன். எந்தப் புடவையையும் நல்லது என்று சொல்ல அவனுக்குத் தெரியும். நாங்களே அவனை அனுப்பினோம்.

முதல் வருடம் ஒத்திகைக்கு வந்து உள்ளே நடப்பதைச் சொல்லிச் சிரிக்கவைத்தான். இரண்டாவது வருடம் புஷ் ஜாக்கெட் போட்டு வந்து, அது கசங்காமல் பேஸ் கிட்டாரை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து வாசித்தான். மூன்றாவது வருடம் 'கூட்டம் இருக்கிறது' என்று சொல்லி அனுப்பினான். பிறகு சொல்லியும் அனுப்பவில்லை. அவன் இடத்தில் வேறு யாரையும் நாங்கள் போடவில்லை. உள்ளே போனவன் வேலை முடிந்ததும் வெளியே வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கல்யாண வீடுகளில் "பஸ் வரும்" வாசிக்கும்போது அந்த நான்கு சுற்று வந்ததும் சும்மா நிற்போம். கரண்டு போய்விட்டதோ என்று யாராவது வயரைப் பார்ப்பார்கள்.

1981 ஜூலையில் பழனியப்பன் டயர் கடைக்கே வந்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு.

"மச்சான், உங்க குழுவ இந்த வருஷக் கலை மாலையில போட்டாச்சு. கோலாலம்பூருல இருந்து ரேடியோக்காரர் வாராரு. உள்ளூர்க்காரன் சொந்தமா செஞ்ச பாட்டுல ஒண்ணு எடுத்து ரிக்கார்டிங் செய்யப் போறாங்களாம். 'பஸ் வரும்' வாசிங்க."

'உங்க குழு' என்று அவன் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன்.

என் மனைவி மங்களம் மட்டும் சந்தோஷப்படவில்லை. அவள் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை செய்பவள். எதையும் ஓரம் மடித்துத் தைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள்.

"எட்டு வருஷமா 'வரும் வரும்'னு பாடிக்கிட்டு இருக்கீங்க. இது கடைசியா?"

"கடைசி."

"ரேடியோவுல வரலன்னா?"

"கிட்டாரு அலமாரி மேல."

"சத்தியமா?"

"சத்தியமா."

முப்பத்து மூன்று வயதில் செய்த சத்தியம். விளையாட்டுக்குச் செய்தது இல்லை. ஊசிமலைத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று முடித்திருந்தார்கள். அங்கிருந்து நாங்கள் கொண்டு வந்தவற்றில், எங்களுடையது என்று சொல்ல அந்தப் பாட்டு ஒன்றுதான் மிச்சம்.

மலரைப் படித்த மறுநாள் நானும் ஆம்புரோஸும் மன்ற மாடிக்குப் போனோம். தலைவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். பழனியப்பன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கோப்பு ஒன்றை எடுத்துத் திறந்தான்.

"ஐயா, நாங்க இன்னும் வாசிக்கவே இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றார் தலைவர். "மலர் அச்சுக்குப் போவது ஜூன் மாதம். விழா நடப்பது ஆகஸ்டில். விழா முடிந்த பிறகு விமர்சனம் எழுதி, அதற்கு ஒரு மலர் போட்டு, அதை வெளியிட ஒரு விழா எடுத்தால் இதற்கு முடிவு ஏது? ஆகவே முன்னதாகவே எழுதிவிடுகிறோம். நடந்து முடிந்ததைப் பற்றி எழுத எவனாலும் முடியும். அதற்கு ஒரு மன்றம் எதற்கு?"

"வாசிக்காத பாட்ட மோசம்னு எப்படிச் சொல்றது?" என்றான் ஆம்புரோஸ்.

"இது உங்களுக்கு நன்மை. குறை முன்கூட்டியே தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்."

"அப்ப திருத்திர்றோம்."

"திருத்தக் கூடாது" என்றார் தலைவர். "திருத்தினால் விமர்சனம் பொய்யாகிவிடும்."

கீழே கடையில் யாரோ ரொட்டிக்கு மாவு வீசும் சத்தம் கேட்டது.

"சரிங்கய்யா. அந்தப் பாட்ட விட்டுர்றோம். ரெண்டு பாட்டோட இறங்கிர்றோம்" என்றேன்.

"விடவும் கூடாது. மூன்று பாடல் என்று மலரில் வந்துவிட்டது. அதே மலரில் முதல் பக்கத்தில் மாண்புமிகு அவர்களின் வாழ்த்துச் செய்தி இருக்கிறது. மாண்புமிகுவின் படம் இருக்கும் மலரில் பொய் இருக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்."

"ஆட்சேபம் சொல்ல வழி இருக்காய்யா?"

தலைவர் பழனியப்பனைப் பார்த்தார். பழனியப்பன் கோப்பைப் பார்த்துப் படித்தான்: "விமர்சனம் ஒப்புதல் பெற்ற ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஒப்புதல் பெற்றது ஜூன் மூணு."

"ஜூன்ல எங்களுக்குக் கச்சேரி இருக்குன்னே தெரியாதுலா!" என்றான் ஆம்புரோஸ். "ஜூலையிலதான் வந்து சொன்ன!"

"தெரியாததைப் பற்றியும் ஆட்சேபம் தெரிவித்திருக்கலாம். மன்றம் யாரையும் தடுக்கவில்லை" என்றார் தலைவர். பிறகு குரல் கனிந்தது. "தம்பி, உங்களுக்கு எதற்கு இவ்வளவு பதற்றம்? புகழ் கலைஞனைக் கெடுத்துவிடும். முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பாடுகிறான் என்று ஒருவனைப் பாராட்டினால் மறுநாள் வேலைக்குப் பிந்தி வருவான். அதனால்தான் எங்கள் கலைஞர்களுக்கு வரும் புகழை எல்லாம் மன்றமே வாங்கி வைத்துக்கொள்கிறது. பத்திரமாக இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்படும் வயது வந்ததும் தருவோம்."

சுவரைக் காட்டினார். பத்திரிகையில் வந்த படங்களை வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் அவர் நடுவில் இருந்தார். ஓரங்களில் ஒரு சலங்கைக் காலும், ஒரு மிருதங்கத்தின் வலந்தலையும், யாருடையதோ கூப்பிய கைகளும் இருந்தன.

பழனியப்பன் எங்களோடு படியிறங்கி வந்தான். பாதிப் படியில் நான் நின்றேன்.

"ஏன் பழனி?"

"நல்லா எழுதியிருந்தா என்ன சொல்வாங்க? சொந்தக் குழுவுக்கு எழுதிக்கிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கேன். ஆனா யாராவது ஒருத்தர குறை சொல்லியாகணும் மச்சான். இல்லாட்டி இது விமர்சனமே இல்லன்னு தலைவரு திருப்பிடுவாரு. பரதநாட்டியத்த சொன்னா அவங்கப்பா வக்கீல். வில்லுப்பாட்டு தலைவரோட மச்சினன். யோசிச்சுப் பாத்தேன்." அவன் என் தோளில் கைவைத்தான். "நீங்க மட்டுந்தான் கோவிச்சுக்க மாட்டீங்க."

ஆம்புரோஸ் மலாயில் ஒரு வார்த்தை சொன்னான். அதை எழுத முடியாது.

"இன்னும் ஒரே வருஷம்லா. துணைத்தலைவரா வந்துட்டேன்னா உங்களத்தான் மொதல்ல மேடையேத்துவேன். எல்லாம் நமக்காகத்தானே உள்ள இருக்கேன்?"

"அந்த மௌனம்னு எழுதியிருக்கியே" என்றேன்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். கடிகாரத்தைப் பார்த்தான். "அது உண்மைதானே. நான் இல்லல்ல" என்றான்.

நான் அவனை அடித்திருக்கலாம். சிலம்பத்தில் பதிவு பெற்றவன் வேறு. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் தோன்றியது: இவன் எங்கள் பாட்டை எவ்வளவு சரியாக நினைவு வைத்திருக்கிறான்.

இருபத்து மூன்றாம் தேதி கலை மாலை இரண்டு மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. மாண்புமிகு நான்கேகாலுக்கு வந்தார். மாலை, மேளம், குத்துவிளக்கு. வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை, நன்றியுரையைப் பாராட்டி ஓர் உரை. நாங்கள் மேடைக்குப் பின்னால் பெரட்டில் நின்றோம். உட்காருவதற்கு அனுமதி இல்லை.

தலைவர் கலைஞனும் நம்பிக்கையும் என்ற பொருளில் முக்கால் மணி நேரம் பேசினார்.

"கலைஞனுக்கு வேண்டியது நம்பிக்கை! மேடை வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், கேட்க ஆள் வேண்டும் என்று சிலர் வந்து நிற்கிறார்கள். நான் கேட்கிறேன், நம்பிக்கை இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு? இருபது ஆண்டுகளாக இந்த மன்றம் நம் கலைஞர்களின் நம்பிக்கையைக் காத்து வருகிறது. எப்படி? வாய்ப்புக் கொடுத்துவிட்டால் நம்பிக்கைக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்பதால், கொடுக்காமலே காத்து வருகிறது!"

கைதட்டினார்கள். மாண்புமிகுவும் தட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது.

எங்கள் முறை வந்தபோது மணி ஆறேகால். முன்வரிசையில் ரேடியோக்காரரைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட, அமைதியான ஆள். மடியில் மலர் இருந்தது. விரலை நடுவே கொடுத்து ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாற்காலி தள்ளிப் பழனியப்பன். விமர்சனப் பிரிவினர் நிகழ்ச்சி முடியும்வரை எழக்கூடாது என்பது விதி. ஆறாவது வரிசையில் மங்களம்.

முதல் இரண்டு பாட்டும் கேட்கும்படி இருந்தன. "பஸ் வரும்" என்று நான் ஒலிபெருக்கியில் சொன்னதுமே, வெள்ளைச் சட்டைத் தொண்டர்கள் வரிசை வரிசையாக இறங்கினார்கள். வெளியே நாசி லெமாக் சோறும் டீயும் தயார், ஆறிவிடும், வாருங்கள் என்று ஒவ்வொருவராக எழுப்பினார்கள். நான்கு மணி நேரமாக உட்கார்ந்திருந்த ஜனம். எழுந்தது. முகமும் சுளித்திருந்தது, பசியில் அப்படித்தான் இருக்கும்.

தலைவர் குனிந்து ரேடியோக்காரரின் காதில், மேடைக்கும் கேட்கும் குரலில், "எல்லாம் மலரில் இருக்கிறது, வாருங்கள், சிறப்பு விருந்து தனி அறையில்" என்றார். ரேடியோக்காரர் மேடையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கேட்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு இருந்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் முதுகில் தலைவரின் கை இருந்தது. வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாட்டு என் வாயிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அது யாருக்காகப் போனதோ அவருடைய நாற்காலியில் மலர் மட்டும் கிடந்தது.

ஒரு தொண்டன் மங்களத்திடம் வந்தான். பாட்டுக்கு மேலே கேட்கும்படி கத்தினான்: "அக்கா, நாசி லெமாக் ஆறிடும்!"

"ஆறட்டும்" என்றாள்.

அதற்குள் வாசலில் ஏதோ குழப்பம். எட்டிப் பார்த்த தலைவர் கையை வீசினார். மண்டபம் பாதிதான் காலியாக வேண்டும், முக்கால்வாசி காலியாகிவிட்டது. தொண்டர்கள் எண்ணி எண்ணித் தேவையான பேரைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். கையில் பொட்டலத்தோடு வந்தவர்கள் மென்றுகொண்டே உட்கார்ந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது, நான் பல்லவிக்கு மூச்சு எடுத்தபோது தெளிவாகக் கேட்டது.

"இது நல்லாத்தானே இருக்கு? ஏன் எந்திரிச்சோம்?"

"மலர்ல போட்டிருக்குலா."

அப்போது அந்த இடம் வந்தது. நான் நிறுத்தினேன். ஆம்புரோஸ் நிறுத்தினான்.

விமர்சனத்தில் சொன்னபடி மௌனம் நிலவியது. மேலே காற்றாடி சுற்றியது. வெளியே டீக் கோப்பைகள் உரசின. நான் முன்வரிசையைப் பார்த்தேன். பழனியப்பன் மரம்போல் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையில் பேனா. இடது கை முழங்காலின் மேல் இருந்தது. அந்த விரல்கள் அசைந்தன. முதல் சுற்று. இரண்டாவது. மூன்றாவதன் முடிவில் சுண்டுவிரல் கொஞ்சம் பிந்தியது.

நான் பார்ப்பதை அவன் பார்த்தான். கையை மூடிக்கொண்டான். நான்காவது சுற்றில் ஒன்றும் அசையவில்லை.

பாட்டு முடிந்ததும் தலைவர் பெருந்தன்மையுடன் பொன்னாடை அணிவித்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் தழுதழுத்தது. "நம் விமர்சனப் பிரிவுச் செயலாளர் எழுதியதில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை! வேறு எந்த மாநிலத்திலாவது இப்படி ஒரு விமர்சகர் உண்டா?" அந்த மேடையிலேயே பழனியப்பனைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். ரிக்கார்டிங்குக்கு வில்லுப்பாட்டைத் தேர்ந்தெடுத்ததாகவும் அறிவித்தார்கள். வில்லுப்பாட்டு அதுவரை மேடையேறவில்லை. மலரில் நன்றாக இருந்தது.

ஏழரை மணிக்கு நானும் ஆம்புரோஸும் மங்களமும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். டிரம்ஸை ஆம்புரோஸின் மைத்துனன் வேனில் ஏற்றிவிட்டிருந்தோம். ஆம்புரோஸ் சின்ன ஸ்நேர் டிரம்மை மட்டும் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். மங்களம் கையில் மூன்று பொட்டலம்.

"ஆறிப்போச்சுன்னா என்ன, சோறுதானே" என்று பிரித்துக் கொடுத்தாள்.

சாப்பிட்டோம். நான் கிட்டார்ப் பெட்டியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அலமாரி மேல…" என்று ஆரம்பித்தேன்.

"அங்க எடம் இல்ல" என்றாள். என் தோளிலிருந்த பொன்னாடையை உருவி, ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "நைலானு. ஓரம்கூட அடிக்கல. இத அங்க வச்சுக்கலாம்."

அப்போது தலைவரின் கார் வந்து எங்கள் முன்னால் நின்றது. பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. பழனியப்பனின் கழுத்தில் இரண்டு மாலை.

"மச்சான், கோவமா? அடுத்த வருஷ மலருக்கு இப்பவே எழுதச் சொல்லிட்டாரு. இந்தவாட்டி நான் துணைத்தலைவர்லா. பிரமாதம்னு எழுதிடுறேன். கூட்டம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சுன்னு எழுதிடுறேன். எந்தெந்தப் பாட்டுன்னு மட்டும் சொல்லிடு."

நல்ல மனதோடுதான் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நாலு சுற்றையும் வந்து வாசிச்சுட்டு எழுது" என்றேன்.

மாலைக்குக் கீழே இடது கை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. முன்சீட்டிலிருந்து தலைவர், "நேரமாகிறது, துணைத்தலைவரே" என்றார். கண்ணாடி ஏறியது. கார் போயிற்று.

பிறகு ஆம்புரோஸ் கையைத் துடைத்துவிட்டு மடியிலிருந்த டிரம்மை இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தான். மெதுவாக, வழியில் போகிறவர்களுக்குக் கேட்காத அளவில். நான் வாய்க்குள் பாடினேன். அந்த இடம் வந்ததும் அவன் விரலைத் தூக்கிக்கொண்டான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பழனியப்பனின் இடத்தை நாங்கள் நிரப்பவில்லை. வெட்டியும் எறியவில்லை. நான்கு சுற்றையும் முழுதாக எண்ணினோம். மூன்றாவதன் முடிவில் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தோம். அதற்குப் பிறகுதான் பல்லவியை எடுத்தேன்.

பஸ் இன்னும் வரவில்லை.